தடாகத்துக்குள் வந்த மணல்

அன்பின் அம்மாவுக்கு மகன் ரொபின்சன் எழுதுறது. மாதாவின்ர புண்ணியத்தில நான் சுகம். உங்கட கால்வலி இப்ப எப்பிடி?

இங்க கீரி எண்ட ஊரில நான் பராமரிக்கிற வீட்டு நீச்சல் தடாகத்தின்ர அடியில போன கிழமை மணல் கிடந்தது. கூட்டி எடுக்க எடுக்கத் திரும்பவும் வந்தது. கனடாவில இருக்கிற வீட்டுக்கார அக்கா, "கடலில குளிச்சுப்போட்டு இதுக்குள்ள இறங்கினனியோ?" எண்டு போனில ஏசினா. நான் கால்கூட வைக்கேல்லை. ஆனாலும் நித்திரையில எழும்பிப் போயிருப்பனோ எண்டு எனக்கே சந்தேகம் வந்திட்டுது.

பிறகு பள்ளிமுனையில மோட்டர் திருத்துற பத்திநாதண்ணை வந்து பில்டரைத் திறந்தார். "தம்பி, தண்ணியை வடிக்கிறதே இதுக்குள்ள இருக்கிற மணல்தான். அடியில இருக்கிற குழாய் வெடிச்சு, அது தண்ணியோட தடாகத்துக்குள்ள வருது," எண்டார். குழாயை மாத்தி, மணலையும் கழுவிப் போட்டம். அக்காவும் "குறை நினையாதை" எண்டா.

போகேக்க அண்ணை, "உமக்கு எந்த ஊர்?" எண்டு கேட்டார். நீங்கள் பிறந்த முள்ளிக்குளத்தைச் சொல்லுறதோ, இந்தியாவில நான் பிறந்த மண்டபம் அகதி முகாமைச் சொல்லுறதோ தெரியாமல், "அம்மாவிட்டக் கேட்டுச் சொல்லுறன்" எண்டன். என்ன சொல்லவேணும், அம்மா?

இந்தக் கடிதத்தைக் கொண்டு இந்தியாவுக்கு வெளிக்கிட்ட பக்கத்து வீட்டு யசோதாக்கா வாசலில நிண்டு அவசரப்படுத்துறா. அவ திரும்பி வரேக்க உங்கட பதிலையும், எனக்குப் போர்க்க உங்கட பழைய சீலை ஒண்டையும் குடுத்து விடுங்கோ.

உங்கட மகன்,
ரொபின்சன்