பிள்ளையை மார்புக்குக் கொண்டுவா

அன்பு மகள் கௌசலாவுக்கு,

கிளிநொச்சியிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நல்ல சுகம், அதேபோல அந்தக் குளிர்தேசத்துப் பேர்கனில் நீயும் மருமகன் ஜெயந்தனும் புதிதாய் வந்த என் பேத்தியும் சுகமாக இருக்கவேண்டும் என்று புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கு நேர்ந்திருக்கிறேன், சம்பந்தியம்மாவையும் சுகம் கேட்டதாகச் சொல். மழை நன்றாகப் பெய்து இரணைமடுக் குளம் நிரம்பிவிட்டது, வான்கதவு திறந்த நாளிலிருந்து அப்பா தினமும் மோட்டார்சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார், ஏதோ தானே திறந்துவிட்டவர் மாதிரி. பேத்தியின் படத்தைச் சந்தையில் அவர் காட்டாத ஆள் இல்லை, மீன்காரர்கூட மூக்கு உங்கட மூக்குத்தான் ஐயா என்று சொல்லி ஒரு கிலோ மீன் கூடுதலாக விற்றுவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் அழுதுகொண்டு, எனக்கு அமைப்புச் சரியில்லை அம்மா, காம்பு உள்ளுக்குப் போய்க் கிடக்குது, மார்பும் சின்னன், அடுத்த திங்கட்கிழமை பிள்ளையை நிறுக்கேக்க நிறை கூடாட்டில் போத்தல் பாலுக்கு மாத்தப்போறன் என்றாய். பின்னாலிருந்து சம்பந்தியம்மா, உள்ளுக்குப் போன காம்பில எந்தப் பிள்ளை குடிச்சது என்று கேட்டதும் என் காதில் விழுந்தது. நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைக்கிறாய், நான் வாயைத் திறந்திருந்தால் சம்பந்தம் முறிந்திருக்கும், அதனால்தான் கடிதம். பக்கத்துக் கடைத் தயாபரன் விடுமுறை முடிந்து நாளைக்குப் பேர்கன் திரும்புகிறான், பார்சலோடு இதையும் தருவான். பார்சலில் பால் கொடுக்கும் பிறா ஆறு இருக்கிறது, அவனுக்குத் தலையணையுறை என்று சொல்லியிருக்கிறேன், பாவம் பொடியன் வெட்கப்படுவான்.

பிள்ளை, உன் அம்மா சந்தையில் பிறா விற்று உன்னைப் படிப்பித்தவள். இந்த மாவட்டத்தில் எந்தப் பெண்ணுக்கு என்ன அளவு என்று என்னைவிடத் தெரிந்தவர் கிடையாது. புருஷன்மார் எதிர்க்கடையில் பிளாஸ்டிக் வாளிக்கு விலை கேட்கிற மாதிரி நிற்பார்கள், பெண்டுகள் என் காதுக்குள், அக்கா இந்தச் சைசுக்குப் பால் காணுமோ என்று கேட்பார்கள். அக்கராயன் இலட்சுமிக்கு நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெட்டியிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறது, அவள் இரட்டைப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவள். என் கடையிலேயே பெரிய அளவு வாங்குகிற ஒருத்திக்கு முதல் கிழமை முழுக்கப் பிள்ளை மார்பைப் பிடிக்கவே இல்லை, பிறகு பழகிக்கொண்டது. பெரிதாய்த் தெரிவது கொழுப்பு, பால் சுரக்கிற இடம் வேறு, பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். காம்பு உள்ளே இருந்தால் தொடக்கத்தில் கொஞ்சம் கஷ்டம்தான், இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன், ஆனால் கஷ்டம் வேறு, முடியாது என்பது வேறு. எனக்கும் இடப்பக்கம் உள்ளுக்குத்தான், உனக்கு வேறு எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய். நீ பிறந்தபோது இடம்பெயர்ந்து கொட்டிலில் இருந்தோம், போத்தல் வாங்கக் கடையும் இல்லை, நீ இழுத்து இழுத்து அதை வெளியே கொண்டுவந்துவிட்டாய், அவ்வளவு முரடு.

நீ பால் கொடுப்பதை மருமகன் எடுத்து அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோபிக்காதே, உன் முகத்தை விரலால் மறைத்துக்கொண்டு, என்னிடம் உடுப்பு வாங்க வந்த மிட்வைஃப் மீனம்மாவுக்கும் காட்டினேன். அவ பார்த்துச் சிரித்துவிட்டு, அக்கா உங்கட மகள் பால் குடுக்கேல்ல, பிள்ளையைக் கும்பிடுறா என்றா. உண்மைதான். நீ வில்லு மாதிரி வளைந்து மார்பைப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோகிறாய், அவள் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நுனியை மட்டும் சப்புகிறாள், நடுவில் மூன்று கம்பளிச் சட்டை, அதற்குமேல் பிள்ளைக்குக் கையுறை. சட்டைதான் ஆளுக்குப் பொருந்தவேண்டும், ஆள் வளைந்து சட்டைக்குள் புகுவதில்லை. நீ நிமிர்ந்து முதுகைச் சாய்த்து இரு, பிள்ளையின் சட்டையைக் கழற்றி உன் வெறும் மேலோடு அணைத்து மேலே ஒரு போர்வையைப் போடு. அவளுடைய வயிறு உன் வயிற்றில் முட்டட்டும், மூக்கு காம்புக்கு நேரே வரட்டும், ஆவென்று பெரிதாய் வாயைத் திறக்கும்வரை பொறுத்திருந்து, திறந்ததும் பிள்ளையை உன்னிடம் இழு. காம்பை மட்டும் அல்ல, சுற்றியுள்ள கறுத்த வட்டத்தில் பெரும்பகுதி வாய்க்குள் போகவேண்டும், அவளுடைய நாடி, கீழ்த்தாடை, மார்பில் குத்தவேண்டும். பிள்ளை காம்பைக் குடிப்பதில்லை அக்கா, மார்பைத்தான் குடிக்கிறது என்று மீனம்மா சொன்னா. மார்பு கல்லு மாதிரி இருந்தால் முதலில் கையால் கொஞ்சம் பீய்ச்சி இளக்கு, காம்பை விரலால் மெல்ல உருட்டிவிடு. தொடர்ந்து நோகுதென்றால் பிடி பிழை, விரலை அவளுடைய கடைவாயில் விட்டுப் பிள்ளையை விலக்கி எடுத்துத் திரும்பவும் வை. இறுக்கிப் பிடிக்கிற அந்தக் கம்பி வைத்த பிறாவைத் தூக்கி எறி, அது நான் அனுப்பியது இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

சம்பந்தியம்மாவோடு வாதாடாதே. அவவுக்குத் தெரிந்ததைச் சொல்லுறா, பேத்தி பசியில் அழுவதைப் பார்க்கமுடியாமல்தான் போத்தல் போத்தல் என்கிறா. அவவுக்கு ஒரு வேலை கொடு, பால் கொடுத்து முடிந்ததும் பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தடவ அவவிடம் கொடு, அப்போது மனமும் நிறையும், கதையும் குறையும். மருமகனைச் சமைக்கச் சொல், பாரைக்கருவாட்டையும் பிள்ளை பெற்றவளுக்கான சரக்குத்தூளையும் பார்சலில் வைத்திருக்கிறேன். அங்கே வீட்டுக்கு வரும் தாதியைக் கூப்பிட்டு, குடிப்பதை ஒருதரம் பக்கத்தில் இருந்து பார்க்கச் சொல், அது அவவின் வேலை, நீ வெட்கப்படாதே. ஒரு நாளைக்கு ஆறு பம்பஸாவது நனைந்து கனக்கவேண்டும், நனையாமல் பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால் திங்கட்கிழமைவரை பார்த்திருக்காமல் உடனே கொண்டுபோய்க் காட்டு.

திங்கட்கிழமை பிள்ளையின் நிறை பார்த்ததும் செய்தி அனுப்பு. கூடியிருந்தால் எல்லாருக்கும் அனுப்பு, அப்பா சந்தையில் சொல்லித் திரியட்டும். குறைந்திருந்தால் எனக்கு மட்டும் அனுப்பு. தாதி கடையில் வாங்கும் மாப்பால் கொஞ்சம் சேர்க்கச் சொன்னால் சேர், பீய்ச்சியதைக் கோப்பையில் கொடுக்கச் சொன்னால் கொடு, பிள்ளை வளரவேண்டும், மற்றதெல்லாம் பிறகு. அதற்காக உன் உடம்பில் குறை என்று யார் சொன்னாலும், நீயே சொன்னாலும், நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அப்படிப் போத்தல்தான் என்றாலும் உன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொடு, அவள் தேடுவது உன்னைத்தான்.

நீயும் குட்டியும் நூறாண்டு வாழ என் ஆசீர்வாதம். தண்ணீர் குடிக்க மறக்காதே, பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு.

இப்படிக்கு,
உன் அம்மா,
க. இரஞ்சிதம்