வதனியின் பழைய ஹார்ட் டிஸ்க்

செப்டம்பர் 14, ஞாயிறு

தங்கை வதனியின் பழுதான கம்ப்யூட்டரைக் கழற்றி, அதன் பாகங்களை வைத்து நானே ஒரு பாட்டுப் பெட்டி செய்துகொண்டிருந்தேன். இன்று மத்தியானம் அது முதன்முறையாக வேலை செய்தது. ஹார்ட் டிஸ்கில் இருந்த முதல் பதிவை ஓடவிட்டேன். பாட்டு வரவில்லை. வதனியின் குரல் வந்தது; கம்ப்யூட்டரில் எப்போதோ பேசிய அழைப்பு ஒன்றின் பதிவு.

“நான் கனடாவுக்கு வரேல்லை, ரமணன். அண்ணாவால இன்னும் தனிய நடக்க ஏலாது. நீங்கள் வேற ஆளைப் பாருங்கோ.”

நான் விபத்தில் கால் முறிந்து கிடந்த வருடம் அது. அவளுக்குப் பேசி முடித்த கல்யாணத்தை மாப்பிள்ளை ரமணன்தான் குழப்பினார் என்று என்னிடம் சொன்னாள். பத்து வருடமாக அவரைத் திட்டாத இடமில்லை. போன தையில் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிற்கவைத்தே கதவைச் சாத்தினேன். அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த வதனி வந்தாள். “பாட்டு வருதா அண்ணா?”

பெட்டியை நிறுத்தினேன். “ரமணன்ர நம்பர் உன்னட்ட இருக்கோ?” என்றேன்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இருக்கு,” என்றாள். எதற்கென்று கேட்கவில்லை.

நாளைக்கு அவருக்குப் போன் எடுக்க வேண்டும். முதலில் என்ன சொல்வதென்று தெரியவில்லை.