கந்தகம் இருக்கும் இடம்

இன்று ஆய்வுகூடத்தில் ஒரு மாணவி கோழி இறகைச் சுவாலையில் பிடித்தாள். முடி கருகும் நாற்றம் பரவ, பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு உன் நினைவு வந்தது.

புத்தளத்தில், பாலாவிக்குப் பக்கத்திலுள்ள இந்தப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்தை இப்படித் தொடங்கிவைத்தவள் நீதான். "மூக்கால படிங்க. புரதத்துல ஈக்கிற கந்தகம் இது" என்பாய். யுத்தத்தில் மற்ற முஸ்லிம்களோடு சிறுமியாக மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, இங்கே அகதி முகாமில் படித்து, உயிரியல் பட்டம் வாங்கியவள். ஒன்பது வருடம் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியை. நான் நிரந்தர ஆசிரியை; உன் பாடக்குறிப்புக் கொப்பியைப் பார்த்துத்தான் படிப்பித்தேன்.

ஒருநாள் பின்வாங்கிலிருந்து "அகதி டீச்சர்" என்று ஒரு குரல் கேட்டது. நீ திரும்பாமலே கரும்பலகையில் எழுதினாய்: காபன், ஐதரசன், ஒட்சிசன், நைதரசன், பொசுபரசு, கந்தகம். "மன்னார் ஆளுக்கென்டு தனி மூலகம் ஏதும் ஈந்தா வந்து எழுதுங்க." வெண்கட்டியை நீட்டியபடி நின்றாய். ஒருவரும் எழும்பவில்லை.

யுத்தம் முடிந்தது. தொண்டர் ஆசிரியர்களை நிரந்தரமாக்கப் போவதாகச் சொன்னார்கள். அதற்குப் பள்ளிக்கூட அதிபரின் சேவைக் கடிதம் வேண்டும். பழைய வரவுப் பதிவேடுகள் மழை ஒழுக்கில் அழிந்திருந்தன. நாம் இருவரும் அதிபரின் அறைக்குப் போனோம்.

"சண்டதான் முடிஞ்சிட்டே. உங்கட ஊர்ல போய்க் கேளுங்களேன்" என்றார் அதிபர்.

"ஒன்பது வருஷம் இங்கதான் சேர் படிப்பிச்சன். இவகிட்டக் கேளுங்க" என்று என்னைக் காட்டினாய்.

அதிபர் என்னைப் பார்த்தார். டவுன் பள்ளிக்கூடத்துக்கு நான் கேட்டிருந்த இடமாற்றக் கடிதம் அவர் கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது.

"எனக்குச் சரியா ஞாபகமில்ல சேர்" என்றேன்.

நீ குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். அந்த இடமாற்றமும் எனக்குக் கிடைக்கவில்லை.

நீ மன்னாருக்குப் போனாய். புத்தளத்தில் செய்த வேலைக்கு இங்கே எப்படி இடம் தருவது என்று அங்குள்ள கல்வி அலுவலகத்தில் கேட்டார்களாம். தகரக் கொட்டிலில் டியூஷன் நடத்தினாய். மார்பில் கட்டி வந்ததை நீ வெளியே சொன்னபோது காலம் கடந்திருந்தது.

ஆஸ்பத்திரி வார்ட்டுக்கு உன்னைப் பார்க்க வந்தேன். தலைமுடி முழுக்கக் கொட்டியிருந்தது.

"உயர்தர வகுப்புக்கு இப்ப ஆரு படிப்பிக்கிற?"

"நான்தான்."

"நியூக்கிளிக்கமிலத்துல கந்தகம் இல்ல, பொசுபரசு. முதல் வருஷம் நீ மாத்திச் சொன்ன. இப்பயாச்சும் சரியாச் சொல்லு."

அழுகை வந்தது. "என்ன மாப்புச் செய்" என்று மன்னிப்புக் கேட்டேன்.

நீ யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

"மாட்டன். செஞ்சா நீ நிம்மதியாப் போய் பஸ் ஏறிருவ."

அடுத்த வெள்ளிக்கிழமை நீ மௌத்தாகி அடக்கமும் முடிந்த செய்தி வந்தது. வார்ட்டிலிருந்து நிம்மதியில்லாமல்தான் அன்று பஸ் ஏறினேன். இன்றைக்கும் அப்படியேதான் வகுப்புக்குள் போகிறேன். நீ தராமல் போன மாப்பை இனி எவரிடமும் கேட்க முடியாது.