வாசல் நிலையில் ஒரு வெறுங்கூடு

இன்று காலை நம் மாடி முழுக்கப் பெயின்ற் மணம். பதேர்ஸ்ற் வீதிக் கட்டடத்து வாசல் நிலைகளுக்குப் புதுப்பூச்சு நடக்கிறது. உன் வீட்டு நிலையில் இருந்த இரண்டு துளைகளை ஒருவர் பசையால் அடைத்துக்கொண்டிருந்தார். கடந்து போக முடியாமல் நின்றுவிட்டேன்.

அந்த இடத்தில்தான் உன் மெசூசா இருந்தது. விரல் நீளத்தில் ஒரு தகரக் கூடு. உள்ளே, தோலில் கையால் எழுதிய வேதவரிகள் இருக்க வேண்டும், யூதர் வீட்டுக்கு அதுதான் அடையாளமும் காவலும் என்று சொன்னாய். நாம் ஒரே குளிர்காலத்தில் ரொறன்ரோ வந்தவர்கள்; நீ ஒடெசாவிலிருந்து, நான் யாழ்ப்பாணத்திலிருந்து. ஒரே பாண் பக்டரியில் பெட்டி அடுக்கினோம். வேலையால் வந்ததும் நீ அந்தக் கூட்டைத் தொட்டு விரலை முத்தமிடுவாய். நான் பக்கத்துக் கதவில் திறப்பைத் தேடுகிறமாதிரி நின்று பார்ப்பேன்.

பொறாமைதான். வேறு சொல்லால் அதை மூட விருப்பமில்லை. உன் கழுத்தில் ஆறுமுனை நட்சத்திரம். உன் சனத்தை அவமானப்படுத்தச் சட்டையில் தைக்க வைத்த அதே நட்சத்திரம், இன்று ஒரு நாட்டின் கொடியில் இருக்கிறது. எல்லாமே உன்னோடு கூட வந்திருந்தன. நாங்களோ சாமியறையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தவர்கள்.

ஊரில் எங்கள் வீடு இடிந்துபோன செய்தி ரெலிபோனில் வந்த அன்று உன் கதவைத் தட்டினேன்.

"உங்களுக்கு எல்லாம் இருக்கு. நாடு, கொடி, கதவில காவல். எங்களுக்கு என்ன இருக்கு?"

நீ கோபிக்கவில்லை. ஸ்குறூட்றைவரை எடுத்துவந்து கூட்டைக் கழற்றி, என் உள்ளங்கையில் தட்டினாய். ஒன்றும் விழவில்லை.

"சோவியத் அரசு சமயத்தைத் தடுத்த காலம். அப்பா பயத்தில உள்ள இருந்த தோலை எரிச்சுப்போட்டார். கூட்டை மட்டும் மாவுக்குள்ள ஒளிச்சு வைச்சவர்," என்றாய். நாம் பேசிய அரைகுறை இங்கிலிசு என் காதில் இப்படித் தமிழாகத்தான் நிற்கிறது. "எனக்கு ஒரு செபமும் தெரியாது. வெள்ளிக்கிழமை மெழுகுதிரி ரெண்டைக் கொளுத்திப்போட்டுச் சும்மா நிக்கிறன். நீ சமைக்கேக்க பாடுறது சுவரால கேக்கும். எனக்கு உன்னில எவ்வளவு எரிச்சல் தெரியுமோ?"

"அது தேவாரம். சின்னனில பாடமாக்கினது."

"வந்து என்ர மெழுகுதிரிக்கு முன்னால பாடு."

அந்த வெள்ளியிலிருந்து இரண்டு வருடம் பாடினேன். பிறகு புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அடக்கத்தில் உன் ஆட்கள் ஒரே குரலில் செபம் சொன்னார்கள். உனக்குத் தெரியாத வரிகள் அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தன. பெட்டியின் மேல் நட்சத்திரம் செதுக்கியிருந்தது. அதைப் பார்க்கப் பழைய எரிச்சல் திரும்பி வந்தது. இந்தமுறை, எனக்கும் அப்படி ஒன்று இல்லையே என்று அல்ல. உன்னைத் தன்னுடையவள் என்று அது எடுத்துக்கொண்டுவிட்டதே என்று.

ஓரமாக நின்ற என்னைப் பார்த்து, "இவ ஆர்?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"அம்மாவின்ர வெள்ளிக்கிழமைப் பாட்டு இவதான்," என்றாள் உன் மகள். சொந்தக்காரர் முறைக்கு முறை குழியில் மண் தள்ளிய மண்வெட்டியை அவர் என் கையில் தந்தார்.

உன் மகள் சொன்ன அந்த ஒரு வசனத்தை நான் இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. என் பிள்ளைகளுக்குக்கூட. இப்போதும் பொறாமையோடுதான் அதைக் காத்து வைத்திருக்கிறேன்.