சிதம்பரம் தாண்டுறதுக்கு முன்னாடியே

வியாழன், ராத்திரி.

வேளாங்கண்ணியிலிருந்து சைக்கிள்லயே சாரத்துல இருக்கற எங்க வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டேன். வாசல்ல ஸ்டாண்ட் போடும்போதே என் பொண்டாட்டி ஸ்டெல்லா சொன்னா: "என் கழுத்துல இருக்கறது கேன்சர் கட்டி இல்லையாம். ரிப்போர்ட் வந்துடுச்சு."

"எப்ப?"

"நீங்க கிளம்பின அன்னிக்கே, மத்தியானம்."

அப்ப நான் சிதம்பரம்கூடத் தாண்டியிருக்க மாட்டேன். அதுக்கப்புறம் எதிர்காத்துல மிதிச்ச தூரமெல்லாம் மாதாகிட்ட சண்டைதான். கோயில்ல ஸ்டெல்லா உயரத்துக்கு மெழுகுவர்த்தி வாங்கி வச்சுட்டு, "இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் வாசப்படியை மிதிக்க மாட்டேன்"னு மிரட்டிட்டு வேற வந்தேன்.

"தினம் போன்ல பேசினியே, ஏன்டி சொல்லல?"ன்னு கத்தினேன்.

"சொன்னா பாதியிலயே திரும்பியிருப்பீங்க. நேர்ந்துக்கிட்டதை முடிக்க வேணாமா?"ன்னு சாதாரணமா சொல்லிட்டு வெந்நீர் போடப் போயிட்டா.

ரிப்போர்ட்டைப் பார்த்து சந்தோஷப்படக்கூட முடியல. அவ மேல கோபம்னுதான் முதல்ல நினைச்சேன். அது இல்ல. அவ சொன்னது நிஜம். நான் திரும்பியிருப்பேன். பயந்துக்கிட்டு அவ்ளோ தூரம் மிதிச்சவன், நன்றி சொல்றதுக்கு மிதிச்சிருக்க மாட்டேன்.

இது ஸ்டெல்லாவுக்கே தெரிஞ்சிருக்கு. அப்ப மாதாவுக்கு?