கோபுரம் இல்லாத நம்ம ஊர்

அன்பு மகன் ஆல்பர்ட்டுக்கு அம்மா எழுதுறது. இங்கன நானும் அப்பாவும் தங்கச்சி ஜெசியும் அந்தோணியார் தயவுல சொகமா இருக்கோம். நீ சொகமான்னு கேக்கத்தான் வாய் வரல, சொகம்னு நீ சொன்னாலும் இனி எப்படிடா நம்புறது? போன்ல பேசுனா தேனாப் பேசி மயக்கிப்புடுவ, அதான் எழுதி, ஷார்ஜாவுக்குத் திரும்புற ரம்லத் மகன் நௌஷாத்துகிட்ட ஊறுகாயோட குடுத்து விடுறேன். போன வாரம் ஒரு வீடியோ அனுப்பி, நான் ஓட்டுற பிளேன் நம்ம ஊருக்கு மேல பறக்குது பாரும்மான்னியே, அதத் திரும்பத் திரும்பப் பாத்தேன். மேகமல இருந்துச்சு, முல்லையாறு இருந்துச்சு, நம்ம அந்தோணியார் கோயிலக் காணோம். கம்பம் பஸ்ஸுல வரும்போதே கண்ணுல படுற கோபுரம்டா. அந்த எடத்துல மரமும் தீப்பெட்டி மாதிரி வீடுகளுமா கெடந்துச்சு. இடிச்சுப்புட்டாகளோன்னு பதறி வாசலுக்கு ஓடிப் பாத்தேன், கூறுகெட்டவ.

பெறகு ஜெசியப் பிடிச்சு உலுக்குனேன். அழுதுக்கிட்டே சொன்னா, அது கம்ப்யூட்டர்ல ஓட்டுற பிளேன்னு. நெறம் பிரிச்சுப் பாக்குறதுல கண்ணு குறைன்னு பைலட்டு வேலைக்கான டாக்டரு பரிசோதனையில உன்னையக் கழிச்சுட்டாகளாம், குடோன்ல வேல பாக்குறியாம், ரூமுக்கு வந்து மேசையில ஸ்டியரிங்கும் காலுக்குப் பெடலும் மாட்டி ஓட்டுறியாம். அவளுக்கு ஒரு வருசமாத் தெரியுமாம். ஒரு வயித்துல பொறந்த ரெண்டும் சேந்து பெத்தவள முட்டாளாக்கிட்டீக. இதுல உனக்கு வக்காலத்து வேற. அண்ணன் வெளையாட்டா ஓட்டலம்மா, நெசப் பைலட்டு மாதிரியே ஒவ்வொண்ணா சரி பாத்து, காத்து எந்தப் பக்கம்னு கேட்டு, அவன மாதிரியே நெட்டுல டவர்க்காரவுகளா இருக்குறவுக ஹெட்போன்ல உத்தரவு குடுத்தாத்தான் நகட்டுவான், எறங்குறது சரியா அமையலன்னா மறுபடி மேல ஏத்திச் சுத்தி வருவான்னு. இருக்கட்டும்டா. மொகம் தெரியாதவன்கிட்ட கேட்டு நகருறவனுக்கு அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லத் தோணலையா? மறுபடி ஏத்திச் சுத்தி வரத் தெரிஞ்சவனுக்குச் சொன்ன பொய்யிலருந்து திரும்பத் தெரியலையா?

நம்ம ஊரு வழியா வாறேன்னு நீ சொன்ன அன்னைக்கு, மொளகா காயப்போட்ட மாடியில நின்னு எவனோ ஓட்டுன பிளேனுக்கு முந்தானைய ஆட்டுனேன். பக்கத்து வீட்டு ராமுத்தாயையும் கூப்பிட்டு ஆட்ட வச்சேன். நீ மொதமொத ஓட்டுனேன்னதுக்கு வெள்ளியில பிளேன் செஞ்சு அந்தோணியாருக்குக் காணிக்கையாக் கட்டுனேன். ஆசாரிக்குப் பிளேன் செஞ்சு பழக்கமில்ல, கெண்ட மீனுக்கு றெக்க வச்ச மாதிரி செஞ்சு குடுத்தாக. சாமியார் பூசையில உன் பேர வாசிச்சாக. நெஞ்சு எரியுதுடா. குடோன் வேலைக்காக இல்ல, உங்கப்பா வாழத்தார் சொமந்துதான உங்க ரெண்டு பேரையும் வளத்தாக. அவுகளுக்கு இன்னும் தெரியாது, டீக்கடையில அந்த வீடியோவத்தான் காட்டிக்கிட்டு இருக்காக. இந்தத் திருவிழாவுக்குப் பைலட்டோட அப்பான்னு அவுகளத்தான் கொடி சொமக்கச் சொல்லிருக்காக. நான் சொல்ல மாட்டேன், உனக்காகப் பொய்யும் சொல்ல மாட்டேன். ஊருக்கு முன்னால அவுக தல குனியாம, கொடியேத்தத்துக்குள்ள நீயே போன் போட்டுச் சொல்லிரு.

எம்புட்டுக் கோவம்னாலும் உன் நெத்தியில சிலுவ போடாம எனக்குத் தூக்கம் வராது, இங்கனருந்தே போடுறேன், ஆண்டவர் கூடவே இருப்பாரு. வேளைக்குச் சாப்பிடு. ஒண்ணு மட்டும் மறந்துறாத. நேந்து கட்டுனத அவுக்கக் கூடாது, அந்தப் பிளேன் அங்கனயே தொங்கட்டும். கண்ணுல குறைன்னு அன்னைக்கே சொல்லிருந்தா, அம்மா வெள்ளியில கண்ணு செஞ்சுல்லடா கட்டிருப்பேன். இப்பத்தான் ஆசாரிகிட்ட அதச் செய்யச் சொல்லிருக்கேன். வந்து உன் கையால கட்டு.

இப்படிக்கு,
உன்னைய நம்புன அம்மா,
இருதயம்மாள்