இல்லாத காட்சிக்கு நாலு நட்சத்திரம்

அன்புத் தம்பிக்கு,

நட்சத்திரம் போட்டுப் பிழைக்கும் உன் அக்கா எழுதுவது. இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது விட்டுவிட்டது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, ஒழுங்காகத் தூங்குகிறாயா என்று கேட்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். இரண்டு வருடமாக நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரித்துப் பார்ப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். உன் புது விலாசம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதைப் போகிற போக்கில் சொல்கிறேன்.

பத்திரிகையில் வந்த என் போன திங்கட்கிழமை டிவி விமர்சனப் பத்தியை நீ படித்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். படித்துவிட்டு என்ன நினைத்திருப்பாய்? அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதானே? கிட்டத்தட்ட அப்படித்தான். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தடவை சேனல்காரர்கள் ஏழு தொடர்களை முன்கூட்டியே பார்க்க அனுப்பியிருந்தார்கள். புதுசு நாலு, திரும்பி வந்தது மூன்று. காய்ச்சலோடு முன்னறை சோபாவில் படுத்துக்கொண்டே பார்த்தேன், நீ உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாக்கி வைத்திருக்கிறாயே, அந்த ஓரத்தில். மத்தியான நேரம். வெளியே மழை வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. திரைச்சீலை உப்பி, அடங்கி, மறுபடி உப்பியது. டிவியின் நீல வெளிச்சம் சுவரில் விழுந்து, அறையே லேசாக மிதக்கிற மாதிரி இருந்தது.

முதலில் ஒரு பேய்த் தொடர். அந்தப் பேய் சுவருக்குள் புகுந்து வருகிறது, ஆனால் பீரோவை மட்டும் சாவி போட்டுத் திறக்கிறது. ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம். அடுத்து நம் பழைய துப்பறிவாளர், நாலாவது தடவையாகத் திரும்பியிருக்கிறார். கொலை செய்தது யார் என்று அவருக்கும் தெரிகிறது, நமக்கும் தெரிகிறது, கொலைகாரனுக்கு மட்டும்தான் இன்னும் தெரியவில்லை. ஆனாலும் மனுஷன் மழைக்கோட்டை மாட்டுகிற அழகுக்காக இரண்டரை. ஒரு சமையல் போட்டியில் யாரோ உப்புப் போட மறந்துவிட்டார்கள் என்று மூன்று நடுவர்கள் பத்து நிமிடம் அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது, வேறு காரணத்துக்காக.

கடைசியாக நீ எழுதும் தொடர். இரண்டாம் சீசன்.

முதல் எபிசோடிலேயே பக்கத்து வீட்டுக்காரி உன் கதாநாயகனைப் பார்த்து, "உங்க அக்கா எங்கப்பா, ஆளையே காணோம்?" என்று கேட்கிறாள். அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அவங்க வெளிநாடு போயிட்டாங்க. இனிமே வரமாட்டாங்க" என்கிறான். அவ்வளவுதான். ஒரே வரியில் என்னை அனுப்பிவிட்டாய். பெட்டி கட்டக்கூட அவகாசம் தரவில்லையேடா.

அந்த அக்கா நான்தான் என்பது முதல் சீசனிலேயே எனக்குத் தெரியும். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவள், மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே மின்விசிறியை அணைத்துவிட்டுப் போகிறவள் ஊரில் வேறு யார்? அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இந்தத் தடவை கோபம் வரவில்லை. நான் இல்லாத அந்த வீட்டில் எல்லாரும் நடமாடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்காலிகள் அப்படியே இருந்தன. மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது, அணைக்க ஆளில்லை.

இரண்டாம் எபிசோடின் முடிவில்தான் அந்தக் காட்சி வந்தது. அக்கா சமையலறையில் நிற்கிறாள். மழை தூற ஆரம்பிக்கிறது. தம்பி உள்ளே வருகிறான், நேரே பின்பக்கம் போய்க் கொடியில் கிடக்கும் துணிகளை வாரிக்கொண்டு வருகிறான். தரையில் உட்கார்ந்து மடிக்கிறான். சட்டைகளை உட்புறம் வெளியே தெரிய, கைகளைத் திசைக்கொன்றாக விட்டு மடிக்கிறான். அக்கா பார்க்கிறாள். சொல்ல வாயெடுத்துவிட்டு, மூடிக்கொள்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் ஒரு சட்டையை எடுத்து அவனைப் போலவே தப்பாக மடிக்கிறாள். இரண்டு நிமிடம், ஒரு வசனம் கிடையாது.

"இந்த ஆண்டு சின்னத்திரையில் நான் பார்த்த மிகச் சிறந்த காட்சி" என்று எழுதி, நாலு நட்சத்திரம் போட்டேன். பத்தொன்பது வருடத்தில் ஒரு குடும்பத் தொடருக்கு நாலு போட்டது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை மத்தியானம் உன் தொடரைத் தயாரிக்கும் கம்பெனியிலிருந்து ஒரு பெண் ஆபீசுக்குப் போன் செய்தாள். "மேடம், அப்படி ஒரு சீனே இல்லையே. அக்கா கேரக்டரே இந்த சீசன்ல கிடையாதே" என்றாள். நான் விடுவேனா? உங்கள் தொடரை நீங்களே பார்ப்பதில்லையா என்று ஒரு பிடி பிடித்தேன். பிறகு பொறுப்பாசிரியரும் பிழை திருத்துபவரும் பின்னால் நிற்க, அந்த எபிசோடை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டேன். மூன்று பேரும் கடைசிப் பெயர்ப்பட்டியல் வரை பார்த்தோம். சுள்ளென்று வெயில். எபிசோட் முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை. பிழை திருத்துபவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எழுத்துப்பிழை ஒண்ணும் இல்லீங்க, அதான் நான் விட்டுட்டேன்" என்றார்.

தூங்கிவிட்டேன், தம்பி. தூங்கினது தெரியாமலே தூங்கியிருக்கிறேன். நீ தொடரிலிருந்து அனுப்பிவிட்டவளை என் தூக்கம் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால், கனவில் வந்தவன் உன் கதாநாயகனே இல்லை. இரண்டாவது பொத்தான் அறுந்த அந்த நீலச் சட்டை போட்டிருந்தான். அது உன் ஒன்பது வயதுச் சட்டை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருக்க, மழை வந்தால் துணி எடுக்க ஓடுவது உன் வேலை, நீ மடித்ததைப் பிரித்துத் திட்டிக்கொண்டே மறுபடி மடிப்பது என் வேலை. அந்தக் காலத்தில் ஒரு தடவைகூட உன்னைத் திட்டாமல் நான் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

வேடிக்கை என்ன தெரியுமா? ஒரு வாசகர் எழுதியிருக்கிறார், அந்தக் காட்சியைத் தானும் பார்த்தாராம், தேம்பித் தேம்பி அழுதாராம். மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினாராம்! பொறுப்பாசிரியர் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்கென்னவோ அவர் பொய் சொல்கிறார் என்று தோன்றவில்லை.

உன் கம்பெனிப் பெண் போனை வைக்கும் முன் இன்னொன்றும் சொன்னாள். எழுத்தாளர் பத்தியைப் படித்துவிட்டாராம். பிறகு, "அந்த சீன் நான் எழுதினது இல்லைன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்று மட்டும் சொன்னாராம். அப்போதுதான் நான் உன் அக்கா என்று அவளிடம் சொன்னேன். "நிஜ அக்காவா?" என்று கேட்டுவிட்டு விலாசத்தைத் தந்தாள்.

இனி பழைய கதைக்கு வருகிறேன். முதல் சீசனுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, "இதை எழுதியவருக்கு வீடு என்றால் என்னவென்றே தெரியாது" என்று எழுதினேன். நீ புனைபெயரில் எழுதுவதால் ஆபீசில் யாருக்கும் நம் உறவு தெரியாது. உறவுக்காரர் தொடருக்கு விமர்சனம் எழுதக் கூடாது என்பது எங்கள் விதி. நான் உறவை மறைத்தேன். தம்பி என்று சலுகை காட்டிவிடக் கூடாதே என்று நாலு கடி அதிகமாகவே கடித்தேன். அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். அன்று காலை நீ அதைப் படித்துவிட்டு, நாலாக மடித்து, சூடான டீப் பாத்திரத்துக்கு அடியில் வைத்தாய். அந்த வாரமே வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாய். பழுப்பு வட்டம் விழுந்த அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நட்சத்திரம் இருந்த இடத்தில்தான் கறை.

பொறுப்பாசிரியர் நல்ல மனுஷன். "தூங்கிட்டேன்னு போட்டா பத்திரிகை மானம் போயிடும். தொழில்நுட்பக் கோளாறுன்னு ரெண்டு வரி போட்டு முடிச்சிடலாம்" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்று காலை அவர் மேஜையில் வைத்தது இதுதான்:

"திருத்தம்: சென்ற திங்கட்கிழமை இப்பத்தியில் பாராட்டப்பட்ட காட்சி அத்தொடரில் இல்லை. விமர்சகர் தூங்கிவிட்டார், கனவில் கண்டதை எழுதிவிட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே தொடரை எழுதியவருக்கு வீடு என்றால் என்னவென்று தெரியாது என இப்பத்தியில் வெளியானது. அதுவும் தவறு. அப்போது விமர்சகர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். எழுத்தாளர், விமர்சகரின் தம்பி. இரண்டு தவறுகளுக்கும் வருந்துகிறேன்."

படித்துவிட்டு அவர், "இது வெளிவந்தா பத்தி உங்களுக்கு இருக்காதும்மா" என்றார். தெரியும் என்றேன். திருத்தம் வியாழக்கிழமை வெளிவருகிறது. பத்தி போவது வலிக்கத்தான் செய்கிறது, இல்லையென்று உன்னிடம் நடிக்க மாட்டேன். ஆனால் நீ போனது அதைவிட வலித்தது. அதை இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததுதான் என் பிழை.

தொடரில் என்னைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். வெளிநாட்டிலேயே இருந்துவிட்டுப் போகிறேன், அங்கே சௌகரியமாகத்தான் இருக்கும். நீ நிறைய எழுது. நல்ல பெயர் எடு. உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

இதை எழுதும்போது மேகம் கூடிக்கொண்டு வருகிறது. திரைச்சீலை மறுபடி உப்புகிறது. காலையில் துவைத்த துணியெல்லாம் கொடியில் கிடக்கிறது, முதல் தூறலும் விழுந்துவிட்டது. நான் எழுந்து போகப் போவதில்லை. நனைந்தால் நனையட்டும். அது என் வேலை இல்லை. வந்து எப்படி வேண்டுமானாலும் மடி. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

உன்,
நிஜ அக்கா